பழைய சர்வர்மேல் போடும் பழி

பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடைகளில் பட்டாவுக்கோ தட்கல் டிக்கெட்டுக்கோ காத்திருந்தவர்களுக்கு ஒரு பேச்சு மனப்பாடம்: “சர்வர் டவுன்ணே, அப்புறமா வாங்க.” உடனே, பக்கத்தில் நிற்பவர்களில் விஷயம் தெரிந்த ஒருவர் ஆரம்பிப்பார்: “எல்லாம் பழைய சிஸ்டம் சார். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைக்கணும். கிளவுடுல ஏத்திட்டா ஒரு பிரச்சினையும் இருக்காது.” தொலைக்காட்சி விவாதங்களில் இதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொல்கிறார்கள். ஆலோசனை நிறுவனங்கள் இதையே வண்ணப் படங்கள் போட்ட அறிக்கையாக்கிக் காசு வாங்குகின்றன. துறைகள் இதையே டெண்டராக வெளியிடுகின்றன.

கோடிக்கணக்கான மக்களின் பதிவுகளைத் தாங்கி நிற்கும் தரவுத்தளங்களைப் பற்றி நம் ஊரில் இருக்கும் ஒரே கருத்து அநேகமாக இதுதான்: தளம் பழசு, அதனால் தொல்லை; தளம் புதுசானால் தொல்லை தீரும். இது தவறு. ஆபத்தான தவறும்கூட. இத்தனை பெரிய தரவுத்தளத்துக்கு எது நல்ல தளம் என்பது இரண்டாவது கேள்வி. இந்தத் தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு எப்படிப் போகப்போகிறோம், போகும் வழியில் தடுக்கினால் எப்படித் திரும்பி வரப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

தட்கலையே எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். விழுப்புரம் வழியாகப் போகும் பாண்டியனுக்கோ நெல்லைக்கோ பண்டிகை நேரத்தில் ஒரு படுக்கை பிடிக்கக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருப்போம். வட்டம் சுற்றும். சுற்றி முடிக்கும்போது காத்திருப்போர் பட்டியல். திட்டு முழுக்கச் சர்வருக்குத்தான். ஆனால் அதே சர்வர்கள்தான் 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகளைப் பதிந்தன. வட்டம் ஏன் சுற்றியது என்பதற்கான விடையையும் ரயில்வேயே சொல்லியிருக்கிறது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய வந்த முயற்சிகளில் பாதிவரை மனிதர்களுடையவையே அல்ல. தானியங்கி நிரல்களின் வேலை. அவற்றை வடிகட்டும் ஏற்பாடு செய்தார்கள். இரண்டரைக் கோடிச் சந்தேகக் கணக்குகளை முடக்கினார்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டுமே இணையத்தில் தட்கல் என்று விதி கொண்டுவந்தார்கள். இந்த நடவடிக்கைகளில் எதற்கும் தரவுத்தளத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

புதிய முன்பதிவு அமைப்பு வந்தால் நிமிடத்துக்கு 32,000 என்பது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். தாண்டட்டும், நல்லதுதான், பணம் போய் டிக்கெட் வராத எரிச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் ஒரு எல்எச்பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கைதான். பத்துப் பெட்டி கோத்தாலும் 800. விற்கும் வேகத்தை ஐந்து மடங்கு ஆக்கினால் அந்த 800-உம் ஐந்து மடங்கு வேகத்தில் தீரும். 801-ஆவது ஆளுக்குத் தேவை இன்னொரு ரயில். அந்தக் குறையைச் சர்வர் தலையில் கட்டுவது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

“யுபிஐயைப் பார், புதிய தொழில்நுட்பம், எவ்வளவு அழகாக ஓடுகிறது” என்பார்கள். ஓடுகிறதுதான். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அதே ஆண்டு மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் நாடு முழுக்கப் படுத்ததும் அதே யுபிஐதான். டீக்கடையில் சில்லறை தேடி நின்றவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. ஏப்ரலில் நடந்ததற்குக் காரணம், பரிவர்த்தனை என்ன ஆயிற்று என்று வங்கிகளின் பக்கமிருந்து ஓயாமல் வந்து குவிந்த விசாரிப்புகள். ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு 50 முறைக்குமேல் இருப்புத் தொகை பார்க்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. புத்தம்புதிய தளத்திலும் தொல்லை வந்தபோது யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தளத்தைத் தூக்கிப் போடவில்லை. எந்தக் கேள்வி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தது. தரவுத்தளம் தெரிந்தவர்கள் முதலில் செய்யும் வேலை அதுதான். அது திறப்பு விழாவுக்கு உதவாது என்பது வேறு விஷயம்.

இப்போது ரயில்வேயின் தளத்துக்கே வருவோம். இதைவிட நல்ல பாடம் நம் நாட்டில் இல்லை.

1980-களின் நடுவில் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியபோது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினியையும் அதில் ஓடும் விஎம்எஸ் இயங்குதளத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ் 1986-இல் பிறந்தது. அவர்கள் எழுதிய கன்சர்ட் மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் ஓடத் தொடங்கியது. 1999-இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. ஐந்து திசைக்குப் பாதை பிரியும் விழுப்புரம் ஜங்ஷனில் நின்றுகொண்டு, எங்கிருந்தோ கிளம்பி எங்கோ போகும் ரயிலுக்கு இடம் போட முடிந்தது அதன் பிறகுதான். 2002-இல் இணையத்தில் டிக்கெட் வந்தது.

இதற்கிடையில் கீழே என்ன நடந்தது? டிஜிட்டல் நிறுவனத்தை 1998-இல் காம்பாக் வாங்கியது. காம்பாக்கை 2002-இல் எச்பி விழுங்கியது. வாக்ஸ் போய் ஆல்ஃபா வந்தது. ஆல்ஃபா போய் இட்டேனியம் வந்தது. கம்பெனி மாறியது, சிப் மாறியது, கவுண்டரில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் இயங்குதளம் அப்படியே தொடர்ந்தது. ஒவ்வொரு சிப்பிலிருந்தும் அடுத்ததற்குப் போக அதைச் செய்தவர்களே பாதை போட்டுக் கொடுத்தார்கள். ‘பழைய சிஸ்டம்’ என்று இன்றைக்கு வாய் கூசாமல் ஏசுகிறோமே, அது கால் நூற்றாண்டில் இரண்டு முறை அஸ்திவாரம் மாறியும் சாயாமல் நின்ற சிஸ்டம்.

அந்தப் பாதை இட்டேனியத்தோடு முட்டுச்சந்தில் போய் நின்றது. இப்போதைய முன்பதிவு அமைப்பு 2010-இல் உருவானது, இட்டேனியம் சர்வர்களிலும் ஓபன் விஎம்எஸ்ஸிலும் ஓடுகிறது என்று ரயில்வே அமைச்சரே 2025-இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2010 எப்படிப்பட்ட ஆண்டு என்று பாருங்கள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ரெட் ஹாட் தன் அடுத்த லினக்ஸ் இட்டேனியத்துக்கு வராது என்று கைவிரித்தது. 2010 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கழன்றுகொண்டது. 2011 மார்ச்சில் ஆரக்கிள் விலகப்போவதாக அறிவிக்க, எச்பி வழக்குத் தொடுத்தது. 2021 ஜூலை 29-உடன் இன்டெல் அந்தச் சிப்பை அனுப்புவதையே நிறுத்தியது.

அப்படியானால் 2010-இல் தேர்ந்தெடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா கையெழுத்துப் போட்டார்கள்? இல்லை. ஆல்ஃபா விற்பனை 2007-இலேயே முடிந்துவிட்டது. விஎம்எஸ்ஸை விடாமல் போக வேண்டுமென்றால் அன்றைக்கு இருந்த ஒரே வாசல் இட்டேனியம். 1980-களில் எடுத்த முடிவு 2010-இல் எடுக்க வேண்டிய முடிவையும் சேர்த்தே எடுத்துவிட்டது. சாதாரண எக்ஸ்86 சர்வர்களில் ஓடும் ஓபன் விஎம்எஸ், விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற வேறொரு நிறுவனத்தின் கையால் 2022 ஜூலையில்தான் வெளிவந்தது. தளத் தேர்வு என்று நாம் சொல்வது உண்மையில் அடுத்த முப்பது ஆண்டுகளின் எல்லா மேம்படுத்தல்களையும் ஒரே நாளில் தேர்ந்தெடுப்பது. டெண்டரில் வேகத்துக்கும் விலைக்கும் மதிப்பெண் போடுகிறவர்கள், வெளியேறும் வாசலுக்கு எத்தனை மதிப்பெண் போடுகிறார்கள்?

மாற வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, மாறுகிறோம். அதில் என்ன சிரமம் என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி பட்ட பாடே பதில். லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பில் வாடகைக்கு இருந்த டிஎஸ்பி, 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களை மொத்தமாகப் புதிய தளத்துக்கு ஏற்றியது. தரவு பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. தளம்தான் நிற்கவில்லை. 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். தலைமை அதிகாரி அந்தச் செப்டம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் போட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு. நம் பக்கத்தில் வருமான வரித் துறையின் புதிய தளம் 2021 ஜூன் 7-இல் வந்தது. ஆகஸ்ட் 23-இல் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்கும் நிலை வந்தது. டிஎஸ்பியும் சரி, வரித் துறையும் சரி, வாங்கியது புதுத் தளம்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி அமேசான். உள்ளுக்குள் ஓடிய ஏறக்குறைய 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களை, மொத்தம் 75 பெட்டாபைட் தரவை, தன் சொந்தத் தளங்களுக்கு மாற்றி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தது. மறுக்க முடியாத சாதனை. ஆனால் எண்ணைக் கவனியுங்கள்: 7,500. ஒரு தரவுத்தளத்தை மாற்றிப் பார்த்து, கற்றுக்கொண்டு, அடுத்ததற்குப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் பல ஆண்டுகள் உழைத்தன. அத்தனைக்கும் பிறகு, வெளியாரிடம் வாங்கிய சில மென்பொருள்கள் ஆரக்கிளோடு இறுகக் கட்டுண்டிருந்ததால் அப்படியே விடப்பட்டன. இதைக் காட்டி, ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று சொல்பவர்கள் கதையின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

தளத்தையே மாற்ற வேண்டாம். வெறும் இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தினாலே என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தரவுத்தள நிர்வாகிகளுக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் இது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018 ஆகஸ்டில் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. அதற்கு முன் “11” முதலில் வரும், “1-1” அடுத்து வரும். அதற்குப் பின் தலைகீழ். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் பெயரையோ எண்ணையோ தேடுவது, முன்பே வரிசைப்படுத்தி வைத்த குறியீட்டுப் பட்டியலில். பழைய விதிப்படி அடுக்கிய பட்டியலைப் புதிய விதிப்படி தேடினால் தேடல் தப்பான பக்கம் திரும்பிவிடும். பதிவு இருக்கும், “இல்லை” என்று பதில் வரும். ஒன்றுதான் இருக்க வேண்டிய இடத்தில் அதே பதிவு இரண்டாவது முறையும் உள்ளே போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சர்வர் படு வேகமாக, படு தவறாகப் பதில் சொல்லும். புல எண்ணுக்குப் பக்கத்தில் கோடு போட்டு உட்பிரிவு எழுதும் நம்மவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

தமிழுக்கு இதற்குமேல் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொம்மையார்பாளையம் என்ற பெயரின் முதல் எழுத்தையே பாருங்கள். ‘பொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், அச்சிலும் ஒன்றுதான். பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான். அதுவரை அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் எத்தனை! அவற்றை மாற்றும் நிரல் கொம்பையும் காலையும் எப்படிச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது, ஒரு பொன்னுசாமியின் நிலம் அவர் பெயரில் தேடும்போது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும். புதிய தளத்தின் விளம்பரப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்காது. கொம்பும் காலும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தால்தான் உண்டு.

நிலப் பதிவைத் தொட்டுவிட்டதால் அதையும் பேசிவிடலாம். நம் கிராமங்களில் இன்றைக்கும் கேட்கும் குறை “யூடிஆர்ல தப்பா ஏத்திட்டாங்க” என்பது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நுழைந்த பிழை அது. பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, கூட்டுப் பட்டாவில் ஒருவர் விடுபட்டார். கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கணினிக்குப் போனபோது பிழையும் கூடவே ஏறியது. கணினியிலிருந்து இணையத்துக்குப் போனபோது அதுவும் இணையத்துக்கு வந்தது. முன்பு தாலுகா அலுவலகத்துக்கு நடந்து போய்ப் பார்த்த தப்பை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம், வளர்ச்சி அவ்வளவுதான். பத்திரப் பதிவுத் துறையில் 2000-இல் தொடங்கிய ஸ்டார் திட்டம், 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 ஆயிற்று, அடுத்து ஸ்டார் 3.0. வில்லங்கச் சான்று உட்கார்ந்த இடத்தில் கிடைப்பது பெரிய வசதி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிப்பு எண் ஏறுவதால் பட்டாவில் செத்துப்போன தாத்தாவின் பெயர் இறங்கிவிடாது.

எங்கள் பொம்மையார்பாளையம் பகுதி இதற்குக் கண்கூடான சாட்சி. புதுச்சேரி நகருக்கும் காலாப்பட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுக் கரை இது. தெற்கே போனாலும் வடக்கே போனாலும் கொஞ்ச தூரத்தில் வேறு அரசாங்கம், வேறு நிலப் பதிவேடு, வேறு மென்பொருள். எல்லைக்கு இரண்டு பக்கமும் மனை உள்ள குடும்பங்கள் இரண்டு தரவுத்தளங்களின் வாசலிலும் நிற்கின்றன. கிழக்கே கடல். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, இந்தக் கரையில் மீனவக் குப்பங்களின் வீடுகளைக் கடல் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட மனைக்கும் புல எண் உண்டு, அளவு உண்டு, வரைபடம் உண்டு. கடல் உள்ளே வந்த தேதியை எந்தத் தளமும் தானாகத் தெரிந்துகொள்ளாது. சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தால்தான் பதிவேட்டில் மாறும். கிளவுடில் ஏற்றச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைச் சர்வேயர் பணியிடங்களுக்கு ஒதுக்கச் சொல்லும் ஆலோசனை அறிக்கையை நான் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொன்று, காப்புப் பிரதி. தரவு பெரிதாகும்போது எல்லாமே அளவில் மட்டும் வளர்வதில்லை, குணத்திலும் மாறுகிறது. 100 டெராபைட்டை விநாடிக்கு 10 கிகாபிட் போகும் இணைப்பில் துளி நேரம் வீணாகாமல் அனுப்பினாலே 22 மணி நேரம் ஆகும். குறியீட்டுப் பட்டியல்களைத் திரும்பக் கட்டுவதும் சரிபார்ப்பதும் தனி. சின்னத் தரவுத்தளத்துக்கு “நேற்றைய காப்பிலிருந்து மீட்டுவிடலாம்” என்பது திட்டம். பெரிய தரவுத்தளத்துக்கு அது இரண்டு மூன்று நாள் கடையடைப்பு. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் சாம்பலானது. வெளியே காப்புப் பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது என்பதே சொன்ன காரணம். தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடா கொரியா? கிளவுடு என்று பெயர் வைத்ததால் தீ எட்டாமல் போகவில்லை.

இவ்வளவும் சொல்வதால், ஓடுகிறதைத் தொடாதே என்ற கட்சியில் என்னைச் சேர்க்க வேண்டாம். அந்தக் கட்சியும் இதே அளவு தவறு. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள்தான் ஆதரவு. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் 5.7 பதிப்புக்கு அது 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆதரவு நின்ற பதிப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. மேம்படுத்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் மூன்று பதிப்புகளை ஒரே தாவலில் தாண்ட வேண்டிய நிலைக்கு வருபவர்கள்தான் கடைசியில் “எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க” என்று கத்துகிறார்கள். தொடாதே என்பவரும் தூக்கிப் போடு என்பவரும் ஒரே ஆளின் முதல் பத்தாண்டும் இரண்டாம் பத்தாண்டும்தான்.

நடுவில் ஒரு வேலை இருக்கிறது; அது சலிப்பூட்டும் வேலை. பக்கத்திலேயே இன்னொரு பிரதியைப் புதிய பதிப்பில் ஓடவிட்டு, பழையதில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதற்குக் கடத்திக்கொண்டே இருப்பது. வாரக்கணக்கில் இரண்டின் விடைகளையும் ஒப்பிடுவது. ஒரு மாவட்டத்தை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது. மாறிய பிறகும் புதியதிலிருந்து பழையதற்கு மாற்றங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பது, திரும்பும் வழி அடைபடாமல் இருப்பதற்காக. ஆண்டுக்கு ஒரு முறையாவது காப்புப் பிரதியிலிருந்து முழுசாக மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதிவைப்பது. இதைச் செய்ய ஒப்பந்தக்காரர் போனபிறகும் துறைக்குள் இருக்கும் ஆட்கள் வேண்டும். ரயில்வேக்குக் கிரிஸ் இருந்ததைப் போல. எத்தனை துறைகளுக்கு அப்படி ஒரு வீடு இருக்கிறது?

அடுத்த முறை ஒரு புதிய தளம் வருகிறது என்று அறிவிப்பு வந்தால், எவ்வளவு வேகம் என்று கேட்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: முழுத் தரவையும் மீட்க எத்தனை மணி நேரம் ஆகும், அதைக் கடைசியாகச் செய்து பார்த்த தேதி என்ன, புதியது தடுக்கினால் பழையதற்குத் திரும்ப எத்தனை நாள் அவகாசம் வைத்திருக்கிறீர்கள். மனுவுக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.